செகண்ட்ஸ்ல வாங்குன 9060 லேசர் மெஷின், ஓட்டிப் பாத்துட்டு எழுதுறேன்

அக்ரிலிக், மரம் வெட்டி எழுத்து செதுக்குற மெஷின் இது. மார்க் முதல்லயே போட்டுடுறேன், விவரம் அப்புறம். மெஷினுக்கு அஞ்சுக்கு நாலு. வித்த ஆளுக்கு ஒன்னரை. கூட வந்த தண்ணி கூலருக்கு முட்டை.

வாங்குனது சைனா மேக், கம்பெனி பேர்னு ஒரு ஸ்டிக்கர் இருந்துச்சு அதுவும் பாதி கிழிஞ்சிருச்சு, 900க்கு 600 எம்எம் பெட் (9060ங்கற பேர் அதுல இருந்து தான்), கண்ணாடி ட்யூப் போட்ட சிஓ2 (கார்பன் டை ஆக்ஸைடு) லேசர், மெஷினுக்கு மூளை மாதிரி ருய்டா கண்ட்ரோலர், ஷீட் வைக்க தேன்கூடு மாதிரி ஓட்டை போட்ட ஹனிகோம்ப் டேபிள், ஏர் பம்பு, புகையை வெளிய தள்ளுற புளோயர், ட்யூப்பைக் குளிர வைக்கிற தண்ணி கூலர் எல்லாம் சேர்த்து 1,60,000 சொன்னாங்க, 1,18,000க்கு முடிஞ்சுது. எப்படி இவ்ளோ இறங்குச்சுன்னு கீழ வரும். கடை கும்பகோணத்துல. நேம் போர்டு, ஸ்கூல் ஷீல்டு, மொமெண்டோ, கல்யாண வெல்கம் போர்டு, நவராத்திரி வந்தா கொலுவுக்கு குட்டி குட்டியா மண்டபம் கோபுரம், இது போக தஞ்சாவூர் ஓவியம் போடுறவங்களுக்கு ஆர்ச் ஷேப்ல பிளைவுட் வெட்டிக் குடுக்குறது. முன்னாடி இதெல்லாம் திருச்சிக்கு அனுப்பி வெட்டி வாங்கிட்டு இருந்தேன், முகூர்த்த மாசம் வந்துட்டா அவங்க போனையே எடுக்க மாட்டாங்க, சொந்தமா ஒன்னு இருந்தா தான் கதை நடக்கும்னு ஆகிப்போச்சு. புதுசுக்கு பட்ஜெட் இல்ல, லோன் போட மனசும் இல்ல.

ஆன்லைன்ல சின்னதா டயோடு லேசர் கெடைக்குதே அது போதாதான்னு நிறைய பேர் கேக்குறாங்க. மரத்துல பேர் எழுத, மெல்லிசு ப்ளை வெட்ட அது போதும்ங்க, குறை சொல்ல மாட்டேன். ஆனா அந்த நீல டயோடு வெளிச்சம் 450 நானோமீட்டர், டிரான்ஸ்பரண்ட் அக்ரிலிக்ல அது தங்கவே தங்காது, ஊடுருவிப் போயி கீழ இருக்குற மேஜையைத் தான் கருக்கும். சிஓ2 லேசர் 10.6 மைக்ரான், கண்ணுக்கே தெரியாது, மரமும் அக்ரிலிக்கும் அதை மேல் தோல்லயே வாங்கிக்கும், அதான் வெட்டு அவ்ளோ சுத்தமா விழுது. இதைக் கண்டுபிடிச்சவர் குமார் படேல், நம்ம மகாராஷ்டிரா பாராமதியில பொறந்தவர், 1960கள்ல அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ல இருந்தப்ப பண்ணது, அந்தப் பெருமை நமக்கு இருக்கட்டும். அக்ரிலிக் வேலை பண்ணணும்னா சிஓ2 தான், வேற பேச்சே இல்ல.

இப்ப செகண்ட்ஸ் விஷயத்துக்கு வர்றேன். எல்லாரும் போன உடனே கேக்குறது "எத்தனை வாட்ஸ்?" அப்புறம் "ட்யூப் எப்படி இருக்கு?" என்னைக் கேட்டா ரெண்டையும் கடைசியா கேக்கலாம். ட்யூப்ங்கறது தேயுற சாமான், அது எப்படியும் ஒரு நாள் போகப் போறது தான், காசு குடுத்தா வேற வரும். லேசர் தலை ஓடுற ரயிலு, பேரிங்கு, பிரேம் இதெல்லாம் கெட்டா அந்த மெஷினை எடைக்குப் போட வேண்டியது தான். அதனால ட்யூப் செத்துருச்சுன்னே வச்சுக்கிட்டு விலை பேசுங்க, உயிரோட இருந்தா அது போனஸ்.

நான் பாத்த மெஷின்ல ஒன்னு, வெளிய பெயிண்ட் பளபளன்னு இருந்துச்சு, மூடியைத் தூக்கினா உள்ள ரயில் முழுக்க செம்மண் கலர்ல துரு, பெட் ஓரத்துல ஸ்க்ரூ தலையெல்லாம் பொருபொருன்னு உதிருது, லென்ஸ் மாட்டுற நாசில் சுத்தி பச்சையும் வெள்ளையுமா ஏதோ பூத்துருக்கு, புளோயருக்குப் போற பாதையில தான் ரொம்ப மோசம். ஓனர் "மழைத்தண்ணி பட்டுருச்சு தம்பி"ன்னாரு. மழைத்தண்ணி மேல இருந்து தானங்க படும், மூடி நல்லா இருக்கு உள்ள மட்டும் எப்படி துரு வரும்? கடையைச் சுத்தி ஒரு பார்வை பாத்தேன், மூலையில சன்போர்டு வெட்டுன துண்டு குவிஞ்சு கிடக்கு. விஷயம் அவ்ளோ தான். சன்போர்டு, ஃபோம் ஷீட், மல்டிவுட், வினைல் ஸ்டிக்கர், ரெக்சின் இது எல்லாமே பிவிசி வகை, லேசர்ல வெட்டினா ஹைட்ரஜன் குளோரைடு ஆவி வரும், காத்துல இருக்குற ஈரத்தோட சேர்ந்தா அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். நம்ம ஊர்ல காத்துல ஈரத்துக்கு என்ன பஞ்சமா. ஆசிட் ரயிலையும் தின்னும், லென்ஸையும் தின்னும், நிக்கிற ஆளோட நுரையீரலையும் தின்னும். போர்டு கடைக்காரங்க கிட்ட இருந்து வர்ற மெஷின் பாதிக்கு மேல இந்தக் கேஸ் தான்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, ஏன்னா அவங்க கைக்கு சுலபமா கெடைக்கிற ஷீட்டே அது தான்.

ஒரு ஷீட் பிவிசியா இல்லையான்னு தெரியலன்னா செம்புக் கம்பியை நல்லா சிவக்கக் காய்ச்சி அந்த ஷீட்டுல ஒரு இழு இழுத்து, ஒட்டுனதோட திரும்ப நெருப்புல காட்டுங்க, பச்சையா எரிஞ்சா குளோரின் இருக்கு, மெஷின் பக்கமே கொண்டு வராதீங்க. வெளியில நின்னு பண்ணுங்க இதை.

நாகப்பட்டினம் பக்கம் ஒன்னு பாத்தேன், அது வேற மாதிரி துரு, கடல் காத்து துரு. அது காலு, போல்ட், வெளித் தகரம்னு வெளிய இருந்து உள்ள வரும். உள்ள ரயில் எண்ணெய் போட்டுப் பராமரிச்சிருந்தா வாங்கலாம், கடல் துருவை சுரண்டி பெயிண்ட் அடிச்சுக்கலாம். வேதாரண்யம் பக்கம் 2018க்கு முந்தின மெஷின் பாக்கப் போனீங்கன்னா கஜா புயல் அன்னிக்கு மெஷின் எங்க இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டுக்குங்க, பவர் சப்ளை கழட்டிப் பாத்தா தண்ணிக் கோடு தெரியும். அப்புறம் வயல் ஓரம் இருக்குற கடைன்னா எலி. கேபினெட் பின்பக்கம் திறந்து டார்ச் அடிச்சுப் பாருங்க, எலிப் புழுக்கை இருந்தா வயரையும் சிலிகான் குழாயையும் ஒவ்வொன்னா தடவிப் பாக்கணும். சிரிக்காதீங்க, அந்தத் தண்ணிக் குழாய்ல ஒரு பல்லுத்தடம் போதும், ஹைவோல்டேஜ் பக்கத்துல தண்ணி சொட்டும்.

இப்ப நான் வாங்குன மெஷின். திருச்சி பக்கம், மரத்துல மட்டும் வேலை பாத்த ஆளு, பொம்மை, பசில், எம்டிஎஃப் டப்பா இப்படி. உள்ள முழுக்க பிசுபிசுன்னு பழுப்புப் பிசின், புகை நாத்தம், பாத்தாலே கை வைக்கத் தோணாது. ஆனா அந்தப் பிசினை துணியால தொடச்சா அடியில ரயில் வெள்ளையா மின்னுது. அங்கயே எனக்கு மனசு நின்னுருச்சு. அழுக்கைக் கழுவிடலாம்.

வித்தவர் பேச்சு தான் தாங்க முடியல. "அண்ணே, 80 வாட்ஸ்ணே, கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க"ன்னாரு. நான் கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு டேப்பை எடுத்தேன். கண்ணாடி ட்யூப்ல நீளமும் பருமனும் பொய் சொல்லாது. 50, 55 எம்எம் விட்டம் இருக்குற சாதாரண ட்யூப்ல 60 வாட்ஸ்னா 1200ல இருந்து 1250 எம்எம் நீளம் வரும், 80 வாட்ஸ் வேணும்னா 1600 பக்கம் போகணும், இல்லன்னா 80 எம்எம் பருமன் ட்யூப்பா இருந்தா 1200லயே 80 வரும். இது ஒல்லி ட்யூப், 1250. "அண்ணே இது அறுபது தான"ன்னேன். "இல்லண்ணே பவர் சப்ளை எண்பதுண்ணே"ங்கறாரு. பவர் சப்ளை பெருசா போட்டா ட்யூப் பெருசாயிடுமா, சீக்கிரம் சாகும் அவ்ளோ தான். டெமோ காட்டும்போது பவரை 99 பர்சண்ட்ல வச்சு பத்து எம்எம் அக்ரிலிக்கை வெட்டிக் காட்டுனாரு, எல்லாரும் அந்த வெட்டைப் பாப்பாங்க, நான் ட்யூப்புக்குள்ள போற கரண்டைக் காட்டுற மில்லியாம்ப் மீட்டரைப் பாத்தேன், 28ல நிக்குது முள்ளு. 60 வாட்ஸ் ட்யூப்புக்கு 20 பக்கத்துல நிறுத்திக்கணும், 28ங்கறது குதிரையை அடிச்சே சாகடிக்கிற கணக்கு. டெமோ முடியறதுக்குள்ளயே விலை இறங்க ஆரம்பிச்சுது.

இதுல ஒன்னு, மீட்டரே இல்லாத மெஷின் நிறைய வருது. ஸ்க்ரீன்ல காட்டுற பர்சண்டேஜ் வெறும் பர்சண்டேஜ் தான், ட்யூப்புக்குள்ள எவ்ளோ கரண்ட் போகுதுன்னு அது சொல்லாது. மீட்டர் இல்லன்னா விவரம் தெரிஞ்ச எலக்ட்ரீசியனைக் கூட்டிட்டுப் போங்க.

"ரெண்டு வருஷமா ஓட்டவே இல்லண்ணே, புதுசு மாதிரி"ன்னு ஒரு டயலாக் எல்லா இடத்துலயும் வரும். கண்ணாடி ட்யூப்புக்கு அது பெருமையே இல்ல. உள்ள கார்பன் டை ஆக்ஸைடு, நைட்ரஜன், ஹீலியம் கலந்து அடைச்சிருக்காங்க, சும்மா வச்சிருந்தாலும் அது மெல்ல மெல்ல மாறிட்டே இருக்கும். ட்யூப் மேல தேதி ஸ்டிக்கர் இருக்கும், அதைப் படிங்க. எரியும்போது உள்ள ரோஸ் கலந்த ஊதாவுல கோடு நேரா நிக்கணும், வெளுத்துப்போயி வெள்ளையா துடிச்சுதுன்னா கேஸ் போயிருச்சு.

ருய்டா போர்டு இருந்தா இன்னொரு வசதி. ஆர்டிஒர்க்ஸ் சாஃப்ட்வேர்ல சிஸ்டம் இன்ஃபோன்னு ஒரு பக்கம் இருக்கு, மெஷின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஆன்ல இருந்துச்சு, எத்தனை மணி நேரம் வேலை பாத்துச்சு, எக்ஸ் பக்கம் ஒய் பக்கம் எத்தனை மீட்டர் ஓடுச்சுன்னு புட்டுப் புட்டு வைக்கும். போர்டு மாத்தியிருந்தா அந்தக் கணக்கு செல்லாது, ஆனா பேசும்போது ஒரு பிடி கெடைக்கும்ல. ருய்டான்னா லைட்பர்ன்ங்கற இன்னொரு சாஃப்ட்வேர்லயும் ஓட்டலாம், எனக்கு அது தான் கை பழகிருக்கு. பழைய மெஷின்ல டாங்கிள்ங்கற யூஎஸ்பி சாவி போட்டா தான் சாஃப்ட்வேரே திறக்குற வகையறா உண்டு, அதுல டாங்கிள் தொலைஞ்சிருந்தா கண்ட்ரோலர் மாத்துற செலவையும் விலையில கழிங்க.

டெஸ்ட் பண்றதுக்கு ஷீட் நீங்களே கொண்டு போங்க. அவங்க வச்சிருக்குற துண்டு அவங்களுக்கு சாதகமான துண்டு. மூணு எம்எம் க்ளியர் அக்ரிலிக், ஆறு எம்எம் எம்டிஎஃப் ரெண்டும் போதும். பெட்டோட நாலு மூலையிலயும் நடுவுலயும் 100 எம்எம் சதுரம் வெட்டச் சொல்லுங்க. ஒரு மூலையில வெட்டி இன்னொரு மூலையில வெட்டலன்னா லேசரைத் திருப்பி விடுற கண்ணாடிகளோட (மிரர்) அலைன்மெண்ட் போயிருக்கு, அது அரை நாள் வேலை, பயப்பட வேணாம், மாஸ்க்கிங் டேப் ஒட்டி ஒவ்வொரு கண்ணாடியா புள்ளி பாத்து சரி பண்ணலாம். ஆனா சதுரத்தோட ரெண்டு குறுக்குக் கோடும் அளந்தா வித்தியாசம் வருதுன்னா பிரேம் கோணலா இருக்கலாம், அது லேசுல சரி ஆகுற விஷயம் இல்ல. ஒரு வட்டமும் வெட்டிப் பாருங்க, முட்டையா வந்தா பெல்ட் லூசு.

மூடியில டோர் சுவிட்ச் இருக்கும், திறந்தா லேசர் நிக்கணும். முக்காவாசி மெஷின்ல அதை வயர் போட்டு ஷார்ட் பண்ணி வச்சிருப்பாங்க, என்னுதுலயும் அப்படித் தான். வந்த அன்னிக்கே சரி பண்ணது அது தான். கண்ணுக்குத் தெரியாத கதிர்ங்க, எங்க பட்டு எங்க திரும்புதுன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது.

கொண்டு வர்றது ஒரு தனிக்கதை. குட்டி யானை பேசி ஏத்துனோம். ட்யூப்பை மெஷினோட விட்டு ஏத்தாதீங்க, வித்தவரு "ஒன்னும் ஆகாதுண்ணே"ன்னு தான் சொல்லுவாரு, உடைஞ்சா அவருக்கு என்ன. தண்ணி முழுக்க வடிச்சு, வயரைக் கழட்டி, மெத்தைத் துண்டுல சுத்தி, நானும் மச்சானும் டிரைவர் பக்கத்துல உக்காந்து மடியில குறுக்க வச்சுக்கிட்டு வந்தோம். பாபநாசம் வரைக்கும் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் டிரைவர் அண்ணன் "புடிச்சுக்குங்க"ன்னு குரல் குடுத்துட்டே வந்தாரு, நல்ல மனுஷன். லேசர் தலை ஆடாம கயிறு போட்டுக் கட்டணும், அதையும் மறக்காதீங்க. வாசல் அகலம் அளந்துட்டு அப்புறம் அட்வான்ஸ் குடுங்க, நம்ம பழைய வீட்டு நிலைவாசல் எல்லாம் ஆள் குனிஞ்சு போறதுக்குக் கட்டுனது, 9060 மெஷின் குனியாது. எங்க கடைக்கு ஷட்டர் இருந்ததால தப்பிச்சோம்.

இப்ப கூலர். முட்டை போட்டது ஏன்னு சொல்றேன். கூட வந்தது சிடபிள்யூ 3000 டைப். பேரைப் பாத்தா பிரிஜ் மாதிரி தண்ணியைக் குளிர வைக்கிற சில்லர்னு தோணும், ஆனா உள்ள கம்ப்ரசர் கிடையாது, லாரி ரேடியேட்டர் மாதிரி ஒரு பேன் ஒரு காயில் அவ்ளோ தான், ரூம்ல என்ன சூடோ அதுக்குக் கீழ தண்ணியை அதால இறக்கவே முடியாது. ட்யூப்புக்கு தண்ணி 15ல இருந்து 25 டிகிரிக்குள்ள இருந்தா நல்லது. நம்ம ஊர்ல அக்னி நட்சத்திரத்துல தகரக் கூரைக் கடைக்குள்ள 38, 39 இருக்கும், ட்யூப் குடுக்குற சூடு வேற, 60 வாட்ஸ் லேசர் வெளிய வருதுன்னா அதைப் போல பல மடங்கு சூடாத் தான் தண்ணிக்குள்ள இறங்குது, ஆக தண்ணி 40ஐ சாதாரணமா தாண்டும். அப்ப பவரும் குறையும், ட்யூப் ஆயுசும் குறையும். குளிர் நாட்டுக்காரன் எழுதுன ரிவ்யூல 3000 நல்லா இருக்குன்னு தான் போட்டிருப்பான், அவன் ஊருக்கு அது சரி. தஞ்சாவூர் ஜில்லாவுல சித்திரை வைகாசியில வேலை நடக்கணும்னா சிடபிள்யூ 5000, 5200 மாதிரி கம்ப்ரசர் வச்சது தான். நான் இருபதாயிரத்துக்கு மேல தனியா போட்டு அதுவும் செகண்ட்ஸ்ல எடுத்தேன். மெஷின் விலையோட இதையும் சேர்த்துத் தான் பட்ஜெட் போடணும், இல்லன்னா ஏப்ரல் மாசம் கடையைப் பூட்டிட்டு உக்காந்திருக்கணும். ஐஸ் கட்டி போடுறேன், பிரிஜ்ல பாட்டில் வச்சுப் போடுறேன்னு சில பேர் ஓட்டுறாங்க, பொழுதுபோக்குக்கு ஓட்டுனா சரி.

இதுல எதிர்ப்பக்கம் ஒரு சிக்கல் இருக்கு, அது ஐப்பசி கார்த்திகையில வரும். சில்லர் கையில இருக்குன்னு 18ல செட் பண்ணீங்கன்னா, மழைக்காலத்து ஈரக் காத்துல ட்யூப்புக்கு மேலயே முத்து முத்தா வேர்க்கும், சொம்புல ஐஸ் தண்ணி ஊத்துனா வெளிய வேர்க்குமே அது தான். அந்த வேர்வை ஹைவோல்டேஜ் முனையில எறங்குச்சுன்னா பட்டுன்னு ஸ்பார்க். அதனால மழைக்காலத்துல நான் 25, 26லயே வச்சிருக்கேன். ஏர் பம்பு லைன்லயும் தண்ணி சேரும், லென்ஸ் மேல துப்பும், அந்தத் தண்ணியைப் பிடிச்சு வைக்கிற மாய்ஸ்சர் ட்ராப் ஒன்னு போட்டுடுங்க, சின்ன செலவு தான்.

தண்ணின்னா டிஸ்டில்டு வாட்டர் மட்டும். போர் தண்ணி வேணாம், கேன் தண்ணியும் வேணாம். கடலோர ஊர்ல போர் தண்ணி உப்பு, கரண்ட் கடத்தும், ட்யூப்புக்குள்ள வெள்ளைப் படலமும் கட்டும். வாங்கப் போற மெஷின்லயும் இதைப் பாக்கலாம், ட்யூப்போட உள் குழாய்ல வெள்ளையாவோ பச்சைப் பாசியாவோ தெரிஞ்சா அந்த ஆளு மெஷினை எப்படி வச்சிருந்தாருன்னு வேற ஒன்னும் கேக்க வேண்டியதில்ல.

கரண்ட் பத்தி சுருக்கமா. சிங்கிள் ஃபேஸ் போதும், சில்லர் புளோயர் எல்லாம் சேர்த்து ஒன்னரை கிலோவாட் பக்கம் இழுக்கும். எர்த் மட்டும் விளையாட்டு இல்ல, ட்யூப்புக்குப் போற வயர்ல இருபதாயிரம் வோல்ட் பக்கம் ஓடுது. டெல்டா மண்ணு ஈர மண்ணு, ராடு இறக்குனா எர்த் நல்லாவே எடுக்கும், ஆனா பழைய கட்டடத்துல மூணாவது பின் பேருக்குத் தான் இருக்கும், உள்ள வயரே இருக்காது. மெஷினுக்குன்னு தனியா எர்த் இறக்கிடுங்க.

சரி, வேலை எப்படி? அங்க தான் நாலு மார்க். மூணு எம்எம் அக்ரிலிக் செகண்டுக்கு 15 எம்எம் ஸ்பீடுல வெட்டுது, ஓரம் பாலிஷ் போட்ட கணக்கா மின்னுது. ஆறு எம்எம் அஞ்சு ஸ்பீடுல நிதானமா வெட்டுது. பத்து எம்எம்மை நான் இதுல தொடறதே இல்ல. ஷீல்டு, மொமெண்டோவுல எழுத்து வெள்ளையா பனி மாதிரி வரணும்னா காஸ்ட் (அச்சுல ஊத்தின) அக்ரிலிக் கேட்டு வாங்குங்க, எக்ஸ்ட்ரூடட் (மெஷின்ல தள்ளி எடுத்த) ஷீட்ல எழுதினா எழுத்து கண்ணுக்கே தெரியாம கண்ணாடியா போயிடும், கடைக்காரர் விலை கம்மியா குடுக்குறாருன்னா முதல்ல அதைக் கேளுங்க. வெட்டின சூட்டோட ஓரத்தை தின்னர், ஸ்பிரிட் போட்டுத் தொடைக்காதீங்க, மெல்லிசா விரிசல் ஓடும், சோப்புத் தண்ணி போதும்.

மரத்துல எம்டிஎஃப் வெண்ணெய், புகை தான் ஜாஸ்தி. பிளைவுட் ஒவ்வொரு ஷீட்டும் ஒவ்வொரு குணம், உள்ள பசை கட்டியா இருக்குற இடத்துல வெட்டு விழாது, அடியில பாத்தா ரெண்டு இஞ்ச் ஒட்டிக்கிட்டே நிக்கும். வாட்டர்ப்ரூஃப் ப்ளை இன்னும் மோசம், அந்தப் பசை லேசருக்கு அடங்காது. தஞ்சாவூர் ஓவியக்காரங்க அந்தக் காலத்துல பலாப் பலகையில போட்டாங்க, இப்ப பிளைவுட்ல துணி ஒட்டித் தான் போடுறாங்க, அதுல 12 எம்எம் வாட்டர்ப்ரூஃப் கேட்டா நான் ஜிக்சா ரம்பத்துல தான் வெட்டிக் குடுக்குறேன். நாலு எம்எம், ஆறு எம்எம் சாதா ப்ளைன்னா லேசர். ஓரம் கருப்பா வரும், ஆனா அவங்க பிரேம் போட்டு மறைக்கிறதால கண்டுக்க மாட்டாங்க.

தமிழ் எழுத்து வெட்டுறவங்களுக்கு ஒரு விஷயம். கல்யாண போர்டுக்கு தனித்தனி எழுத்தா வெட்டும்போது மெய்யெழுத்தோட புள்ளி தனித் துண்டா வெட்டுப்பட்டு ஹனிகோம்ப் ஓட்டைக்குள்ள விழுந்துரும். "செல்வன்"னு ஒரு பேர்லயே ரெண்டு புள்ளி போச்சு, குனிஞ்சு டிரேயை இழுத்து சாம்பலுக்குள்ள ரெண்டு எம்எம் தங்கக் கலர் வட்டத்தைத் தேடுற வேலை இருக்கே, முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி அதைப் பண்ணிப் பாருங்க. இப்ப கோரல் டிரால டிசைன் போடும்போதே புள்ளிக்குக் கீழ எழுத்தோட சேர்ற மாதிரி ஒரு சின்னக் கழுத்து வரைஞ்சிடுறேன், இல்லன்னா அடியில ட்ரேஸ் ஷீட் ஒட்டிடுறேன். எழுத்தை கர்வ் (வெறும் கோட்டு வடிவம்) ஆக்கித் தான் அனுப்பணும், ஆர்டிஒர்க்ஸ்ல நேரா தமிழ் அடிச்சா கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் நிக்கும்.

நாத்தம் உண்டு. அக்ரிலிக் வெட்டுனா தெருவே மணக்கும், நல்ல மணம் இல்ல. புளோயர் பைப்பை முதல்ல பக்கவாட்டு சந்துல விட்டிருந்தேன், வெயில் காலத்துல எதிர்த்த வீட்டு அத்தை மாடியில இருந்து, "தம்பி, வடகம் காயப் போட்டுருக்கேன், உன் புகையெல்லாம் அதுல தான் ஏறுது, செத்த நிறுத்தி வையேன்ப்பா"ன்னாங்க. நியாயம் தான. பைப்பை ஓட்டுக்கு மேல ஏத்தி, மழைத்தண்ணி திரும்ப வராம தொப்பியும் போட்டாச்சு. நெருக்கமான தெருன்னா இந்தச் செலவையும் முதல்லயே கணக்குல வைங்க.

மெஷின் ஓடும்போது டீ குடிக்கப் போகாதீங்க. அக்ரிலிக் சட்டுன்னு தீப்புடிக்கும், அணையாம உருகி உருகி எரியும். ஈரத் துணியும் ஒரு சிஓ2 எக்ஸ்டிங்விஷரும் கை எட்டுற தூரத்துல இருக்கணும், பவுடர் டைப் அடிச்சீங்கன்னா தீ அணையும் ஆனா கண்ணாடியும் ரயிலும் பாழ்.

யாருக்கு இது ஒத்து வரும்னா, மாசம் பூரா வெளிய குடுத்து வெட்டுற வேலை நிலையா இருக்குறவங்களுக்கு. 2028ல மகாமகம் வருது, அப்ப ஆர்டர் கொட்டும்னு இப்பவே ரெண்டு மூணு பேர் மெஷின் தேடிட்டு இருக்காங்க, தேடுங்க, ஆனா ஸ்க்ரூ டிரைவர் புடிக்கத் தெரியாது, லென்ஸ் தொடைக்கவும் ஆள் வரணும்னா செகண்ட்ஸ் பக்கம் வராதீங்க, சர்வீசோட புதுசு வாங்கிடுங்க. இந்தப் பக்கம் சர்வீஸ் ஆள் திருச்சியிலயோ கோயம்புத்தூர்லயோ இருந்து தான் வரணும், வர்ற கூலியே ஒரு லென்ஸ் விலை ஆயிடும். வித்தவர் ஆறு மாசம் சப்போர்ட் தர்றேன்னு சொன்னாரு, காசு கை மாறுன மறுவாரத்துல இருந்து போன் ஸ்விட்ச் ஆஃப். அந்த ஒன்னரை மார்க்கும் பில் ஒழுங்கா குடுத்ததுக்குத் தான்.

பாக்கப் போறதுக்கு முன்னாடி வாட்ஸப்ல நாலு போட்டோ கேளுங்க: மூடி திறந்து ரயில் க்ளோசப், ட்யூப் மேல தேதி ஸ்டிக்கர், கூலர் முன்பக்கம், கண்ட்ரோலர் ஸ்க்ரீன். வெளித் தோற்றம் மட்டும் சுத்திச் சுத்தி எடுத்து அனுப்புறவங்க கிட்ட பஸ் காசு கூட செலவு பண்ண வேணாம்.